ஆதாம், ஏவாள், ஆறு நாள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேதாகமத்தின் முதல் சில அதிகாரங்களைப் பற்றி வாலிபர் கூட்டத்திலும் வாட்ஸ்அப்பிலும் கல்யாண வீட்டுப் பந்தியிலும் கூட வந்து விழும் கேள்விகள் இவை. முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நான் விசுவாசி, பரிணாமத்தையும் ஏற்றுக்கொள்கிறவன். இரண்டில் ஒன்றைத்தான் வைத்துக்கொள்ள வேண்டும் என்று இரு பக்கத்திலிருந்தும் திட்டு வாங்குவது வழக்கம்தான். வசனங்களைப் பழைய மொழிபெயர்ப்பிலிருந்து எடுத்திருக்கிறேன். நான் ஆதியாகமம் என்று சொல்வதைக் கத்தோலிக்க நண்பர்கள் தொடக்கநூல் என்று படித்துக்கொள்ளவும்.

கதை சுருக்கமாக என்ன?

முதல் அதிகாரத்தில் தேவன் பேசுகிறார், ஆகிறது. முதல் நாள் வெளிச்சம், இரண்டாம் நாள் ஆகாயவிரிவு, மூன்றாம் நாள் தரையும் செடிகொடியும், நாலாம் நாள் சூரியன், சந்திரன், நட்சத்திரங்கள், ஐந்தாம் நாள் மீனும் பறவையும், ஆறாம் நாள் மிருகங்களும் மனிதனும், ஏழாம் நாள் ஓய்வு. இரண்டாம் அதிகாரத்தின் நாலாம் வசனத்திலிருந்து காட்சி மாறுகிறது. மண்ணால் ஒரு மனிதன், ஒரு தோட்டம், மிருகங்கள், விலா எலும்பிலிருந்து ஒரு பெண். மூன்றாம் அதிகாரத்தில் பாம்பு, கனி, வெளியேற்றம். அந்தக் கனி ஆப்பிள் என்று எங்கேயும் எழுதியில்லை. பாம்புதான் சாத்தான் என்றும் ஆதியாகமத்தில் இல்லை, அந்த அடையாளம் வெளிப்படுத்தின விசேஷத்தில் வருவது.

ஒன்றாம் அதிகாரமும் இரண்டாம் அதிகாரமும் ஒன்றுக்கொன்று முரண்படுகின்றனவா?

வரிசை பொருந்தவில்லை, இதை மறைப்பதில் பிரயோஜனம் இல்லை. முதலாவதில் செடி, பறவை, மிருகம், கடைசியில் ஆணும் பெண்ணும் சேர்ந்தே. இரண்டாவதில் முதலில் ஆண், பிறகு தோட்டத்து மரங்கள், பிறகு "மனுஷன் தனிமையாயிருப்பது நல்லதல்ல" என்று மிருகங்களும் பறவைகளும், அதிலும் ஏற்ற துணை அமையாமல் கடைசியில் பெண். முதலாவதில் "தேவன்" என்று மட்டும், இரண்டாவதில் "தேவனாகிய கர்த்தர்". நடையும் வேறு. ஒன்று ஆராதனையில் சேர்ந்து வாசிப்பதற்கு எழுதியது போல ஒழுங்காக அடுக்கியது, மற்றது கதைசொல்லியின் நடை, கடவுள் களிமண்ணைப் பிசைகிறார், சாயங்காலம் தோட்டத்தில் உலாவுகிறார்.

1753-இல் ழான் அஸ்த்ரூக் என்ற பிரெஞ்சு மருத்துவர் இந்தப் பெயர் வித்தியாசத்தை வைத்துத்தான், ஆதியாகமம் எழுத வெவ்வேறு பழைய ஏடுகள் பயன்பட்டிருக்க வேண்டும் என்று சொன்னார். ஆதியாகமம் மோசேயின் வேலை என்ற மரபுக்கு அவர் எதிரி இல்லை, அந்த ஏடுகளைத் தொகுத்தவரே மோசேதான் என்று வாதாடியவர். அப்புறம் வந்த ஆய்வாளர்கள் அதை வேறு எங்கேயோ கொண்டுபோனார்கள், அந்தச் சண்டை இன்னும் ஓயவில்லை.

எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. இரண்டையும் சேர்த்து வைத்தவருக்கு வரிசை இடிப்பது தெரியாமலா இருந்திருக்கும்? அடுத்தடுத்த பக்கம்தானே! தெரிந்தும் ஒன்றை வெட்டி மற்றதோடு ஒட்டவைக்காமல் இரண்டையும் முழுசாக விட்டுவைத்தார் என்றால், எது முதலில் எது பிறகு என்பது அவருக்குப் பெரிய விஷயமாக இருக்கவில்லை. அவருக்கே பெரிதாகப் படாத ஒன்றை நாம் விசுவாசத்தின் பரீட்சையாக்கி வைத்திருக்கிறோம்.

சூரியன் நாலாம் நாள்தான் வருகிறது. அப்படியானால் முதல் மூன்று நாட்களுக்குச் சாயங்காலமும் விடியற்காலமும் எப்படி?

நல்ல கேள்வி, பழைய கேள்வியும் கூட. மூன்றாம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவைச் சேர்ந்த வேத அறிஞர் ஓரிகன் இதையேதான் கேட்டார்: சூரியனும் சந்திரனும் இல்லாமல் மூன்று நாட்கள் நடந்தன என்று புத்தியுள்ள எவன் நம்புவான் என்று. டார்வினுக்குச் சுமார் 1600 வருஷத்துக்கு முந்தைய ஆள்.

நாட்களை இரண்டு பத்தியாக எழுதிப் பார்த்தால் விஷயம் புரியும். முதல் மூன்று நாட்களில் இடம் தயாராகிறது: ஒளியும் இருளும், வானமும் தண்ணீரும், தரை. அடுத்த மூன்று நாட்களில் அதே வரிசையில் அந்த இடங்களுக்கு ஆட்கள் வருகிறார்கள்: சூரிய சந்திரர், பறவையும் மீனும், மிருகமும் மனிதனும். ஒன்றுக்கு நாலு, இரண்டுக்கு ஐந்து, மூன்றுக்கு ஆறு. இரண்டாம் வசனம் பூமியை "ஒழுங்கின்மையும் வெறுமையுமாய்" இருந்தது என்கிறது. ஒழுங்கின்மைக்கு முதல் மூன்று நாள், வெறுமைக்கு அடுத்த மூன்று நாள். வேலை நடந்த வரிசையை எழுதிவைத்த நாட்குறிப்பு இல்லை இது, கட்டி அமைத்த பாட்டு.

நாலாம் நாளில் இன்னொரு குசும்பும் இருக்கிறது. சூரியன், சந்திரன் என்று பெயரே சொல்லாமல் "பெரிய சுடர்", "சிறிய சுடர்" என்று போய்விடுகிறது. அக்கம்பக்கத்து ஜனங்கள் எல்லாம் விழுந்து கும்பிட்ட சூரிய சந்திர தெய்வங்களை வெறும் விளக்குகளாக, அதுவும் நாலாம் நாளில் மாட்டப்பட்ட விளக்குகளாக ஆக்கியிருக்கிறார்கள். நட்சத்திரங்களுக்குக் கிடைத்தது ஒரே ஒரு வார்த்தை.

கர்த்தருக்கு ஒரு நாள் ஆயிரம் வருஷம் போல என்று பேதுரு சொல்கிறாரே, ஒவ்வொரு நாளும் ஒரு யுகம் என்று எடுத்துக்கொள்ளலாமே?

பத்தொன்பதாம் நூற்றாண்டில் மண்ணியல் வளர்ந்தபோது நல்ல விசுவாசிகள் பலர் இந்த வழியில்தான் போனார்கள். ஸ்காட்லாந்தில் தாமஸ் சால்மர்ஸ் என்ற போதகர் 1814 வாக்கில் இன்னொரு வழி சொன்னார், முதல் வசனத்துக்கும் இரண்டாம் வசனத்துக்கும் நடுவே கணக்கற்ற காலம் ஓடிவிட்டது என்று. இரண்டுமே நேர்மையான முயற்சிகள்தான், ஆனால் எனக்கு ஒட்டவில்லை. நாளை யுகமாக நீட்டினாலும் வரிசை சரியாவதில்லை. சூரியனுக்கு முன்னால் செடிகள் ஒரு யுகம் முழுக்க எப்படி இருக்கும்? ஐந்தாம் நாளில் "மகா மச்சங்களும்" பறவைகளும் வருகின்றன, தரை மிருகம் மறுநாள்தான். மண்ணுக்குள் கிடைப்பதோ தலைகீழ். பறவைகள் தரையில் திரிந்த டைனோசர் கிளையிலிருந்து வந்தவை. திமிங்கலத்தின் மூதாதைகளோ சுமார் 5 கோடி வருஷத்துக்கு முன் நாலு காலில் நடந்தவை, அவற்றின் எலும்புகள் பாகிஸ்தானிலேயே கிடைத்திருக்கின்றன. அப்புறம் "சாயங்காலமும் விடியற்காலமுமாகி" என்று ஒவ்வொரு நாளையும் முடித்துக் கொடுக்கிற ஆசிரியர், கேட்பவர் மனதில் சாதாரண நாளைத்தான் காட்டுகிறார். நாள் நாள்தான். ஆனால் அந்த வாரமே ஒரு கட்டுமானம்.

எழுதியிருப்பதை எழுதியபடியே நம்புவதுதானே விசுவாசம்?

எழுதியபடியே முழுசாக நம்புகிற ஒருவரையும் நான் இதுவரை பார்த்ததில்லை. முதல் அதிகாரத்தில் ஆறாம் வசனத்திலிருந்து எட்டாம் வசனம் வரை வாசியுங்கள். தண்ணீரின் நடுவே ஒரு ஆகாயவிரிவு, அதற்குக் கீழே தண்ணீர், மேலேயும் தண்ணீர். நோவா காலத்தில் "வானத்தின் மதகுகளும் திறவுண்டன", மேலே தேங்கியிருந்தது கொட்டியது. அந்தக் காலத்து மேற்காசியாவில் எல்லாரும் உலகத்தை இப்படித்தான் நினைத்தார்கள்: தட்டையான பூமி, மேலே கவிழ்த்த கூரை, கூரைக்கு மேல் ஒரு கடல். இன்று ஆறு நாளை எழுத்துக்கு எழுத்துப் பிடிப்பவரும், ராக்கெட் மேலே போகும்போது அந்தக் கடலில் முட்டும் என்று பயப்படுவதில்லை. இங்கே "அது அந்தக் காலத்துப் பேச்சு" என்று சுலபமாகத் தாண்டிப்போகிறார், இரண்டு வசனம் தள்ளி அதே சலுகையை நான் கேட்டால் அவிசுவாசி என்கிறார்.

இதே பதிலைச் சபைச் சீர்திருத்தக்காரர் கால்வின் பதினாறாம் நூற்றாண்டிலேயே சொல்லியிருக்கிறார். சனிக்கோள் சந்திரனைவிடப் பெரியது என்று வானியலார் காட்டியிருக்க, மோசே சந்திரனை "இரண்டு மகத்தான சுடர்களில்" ஒன்றாகச் சொல்கிறாரே என்ற கேள்வி அப்போதும் இருந்தது. மோசே பாமர ஜனங்களுக்குக் கண்ணில் படுகிறபடி எழுதினார், வானியல் படிக்க வேண்டியவர்கள் வானியலாரிடம் போகட்டும் என்பது கால்வினின் பதில். சந்தேகவாதி என்று அவரை யாரும் சொல்ல முடியாது.

ஆதி சபையார் ஆறு நாளை அப்படியே நம்பினார்களா?

சிலர் ஆம், சிலர் இல்லை. நாலாம் நூற்றாண்டுப் பேராயர் பசீல் சாதாரண நாட்களாகவே பிரசங்கித்தார், பிற்காலத்தில் லூத்தரும் அப்படியே. அகுஸ்தீன் (354–430) ஆதியாகமத்தோடு வாழ்நாள் முழுக்க மல்லுக்கட்டியவர், திரும்பத் திரும்ப விளக்கம் எழுதினார். தேவன் எல்லாவற்றையும் ஒரே கணத்தில் உண்டாக்கினார், பின்னால் தோன்ற வேண்டியவை விதைபோல உள்ளே வைக்கப்பட்டிருந்தன, ஆறு நாள் என்பது நமக்குப் புரிய வைக்கிற முறை என்று முடித்தார். அவரைப் பரிணாமவாதி ஆக்கிவிடாதீர்கள், அது அநியாயம். ஆனால் அவர் கொடுத்த எச்சரிக்கை ஒன்று உண்டு: வானம், நட்சத்திரம், பருவகாலம், மிருகங்கள் பற்றி அவிசுவாசிகளுக்கும் நன்றாகத் தெரிந்த விஷயங்கள் இருக்கின்றன, அதில் ஒரு கிறிஸ்தவன் வேதத்தின் பெயரால் உளறினால் அவர்கள் சிரிப்பார்கள், பிறகு உயிர்த்தெழுதலைப் பற்றி அதே வேதம் சொல்வதை எப்படி நம்புவார்கள் என்று. சில யூடியூப் பிரசங்கங்களைப் பார்க்கும்போது இது ஞாபகம் வருகிறது.

பூமிக்கு 6,000 வயது என்று வேதத்தில் இருக்கிறதா?

இல்லை. அது கூட்டல் கணக்கு. அயர்லாந்தில் அர்மா நகரத்துப் பேராயர் ஜேம்ஸ் அஷர், வம்ச வரலாறுகளையும் ராஜாக்களின் காலங்களையும் மற்ற நாட்டு வரலாறுகளோடு சேர்த்துப் பார்த்து, கி.மு. 4004 அக்டோபர் 23-க்கு முந்தைய இரவில் சிருஷ்டி தொடங்கியது என்று 1650-இல் வெளியிட்டார். அவரைக் கேலி செய்வது ஃபேஷன், ஆனால் அந்தக் காலத்துக்கு அது மிகுந்த படிப்பாளியின் வேலை. 1701 முதல் ஆங்கில வேதாகமங்களின் ஓரத்தில் அவருடைய ஆண்டுகளை அச்சடிக்க ஆரம்பித்தார்கள், பார்க்கிற ஜனங்களுக்கு அதுவும் வேதவசனம் போலவே ஆகிவிட்டது.

அதே வேதத்தை வைத்து யூதர்கள் கி.மு. 3761 என்கிறார்கள், பைசாந்தியக் கணக்கு கி.மு. 5509 என்கிறது. காரணம், பழைய கிரேக்க வேதாகமத்தில் வயதுகளே வேறு. சேத் பிறந்தபோது ஆதாமுக்கு எபிரெயப் பிரதியில் 130 வயது, கிரேக்கத்தில் 230. பாறைகளையும் விண்கற்களையும் அளந்தவர்கள் சொல்லும் கணக்கு சுமார் 454 கோடி வருஷம், பிரபஞ்சத்துக்குச் சுமார் 1,380 கோடி.

அப்படியென்றால் பூமிக்குச் சில ஆயிரம் வயதுதான் என்ற இந்த "இளம் பூமி" பேச்சு எங்கிருந்து வந்தது?

அமெரிக்காவிலிருந்து, அதுவும் நினைப்பதைவிடச் சமீபத்தில். 1925-இல் டென்னசி மாநிலத்தின் டேட்டன் ஊரில், பரிணாமம் சொல்லிக்கொடுத்ததாக ஜான் ஸ்கோப்ஸ் என்ற ஆசிரியர் மீது வழக்கு நடந்தது. அவருக்கு எதிராக வேதத்தின் பக்கம் நின்றவர் வில்லியம் ஜென்னிங்ஸ் பிரையன், நாடறிந்த பேச்சாளர். அவரே சாட்சிக் கூண்டில், அந்த நாட்கள் 24 மணி நேர நாட்களாக இருக்க வேண்டியதில்லை என்று ஒப்புக்கொண்டார்! அன்றைய தீவிரமான சுவிசேஷகர்களுக்கே பூமியின் வயது ஒரு பிரச்சினையாக இருக்கவில்லை. நோவாவின் வெள்ளம்தான் எல்லாப் பாறை அடுக்குகளையும் ஒரே வருஷத்தில் உண்டாக்கியது என்று பாடுபட்டு எழுதியவர் ஜார்ஜ் மக்ரெடி பிரைஸ், ஏழாம் நாள் அட்வென்டிஸ்ட் சபையைச் சேர்ந்தவர். அந்தக் கருத்தை 1961-இல் விட்கம்ப், மோரிஸ் என்ற இருவர் புதுப்பித்து எழுதிய பிறகுதான் மற்றச் சபைகளுக்குள் அது வெள்ளமாகப் பாய்ந்தது. இன்று "இதுதான் ஆதிமுதல் சபை நம்பியது" என்ற தோரணையில் நம் ஊர்ப் பிரசங்க மேடைகளில் வருவதும் பெரும்பாலும் அந்தச் சரக்குதான், தமிழில்.

பாபிலோன் கதையைக் காப்பியடித்தது என்கிறார்களே?

நினிவேயில் அசீரிய ராஜா அசூர்பானிபாலின் அரண்மனை நூலகத்தில் கிடைத்த களிமண் பலகைகளை பிரிட்டிஷ் மியூசியத்தில் ஜார்ஜ் ஸ்மித் படித்து வெளியிட்டபோது, 1870-களில், பெரிய பரபரப்பு. பாபிலோனியரின் சிருஷ்டிக் கதை ஏழு பலகைகளில் இருக்கிறது. மர்துக் என்ற தேவன் தியாமத் என்ற கடல் தாயைக் கொன்று, உடலை இரண்டாகப் பிளந்து, பாதியை வானத்தின் கூரையாக்குகிறான். தோற்ற பக்கத்துத் தளபதி கிங்குவின் ரத்தத்தில் மனிதனைச் செய்கிறார்கள். எதற்கு? தேவர்களுக்கு வேலை பார்க்க ஆள் வேண்டும், அவர்கள் ஓய்வெடுக்க வேண்டும். இன்னொரு பழைய கதையான அத்ராஹசிஸில் களிமண்ணும், கொல்லப்பட்ட ஒரு தேவனின் ரத்தமும் சேர்த்துப் பிசைகிறார்கள். அங்கேயும் காரணம் அதேதான், கால்வாய் வெட்ட ஆள்.

எருசலேம் விழுந்து பாபிலோனுக்குச் சிறை போன யூதர்கள் இந்தக் கதைகளின் நடுவே வாழ்ந்தார்கள். முதல் அதிகாரம் இன்றைய வடிவத்துக்கு வந்தது அந்தக் காலத்தை ஒட்டி என்பது பல ஆய்வாளர்களின் முடிவு. இருண்ட ஆழம், பிளந்த தண்ணீர், கூரை என்று அதே பொருட்கள். ஆனால் என்ன செய்திருக்கிறார்கள் என்று பாருங்கள். சண்டை இல்லை. ஆழம் எதிர்த்து நிற்பதில்லை, சும்மா கிடக்கிறது. ரத்தம் சிந்தாமல், பேச்சு ஒன்றில் உலகம் உண்டாகிறது. மனிதன் தேவர்களின் கூலியாள் இல்லை, அவனுக்குச் சாப்பாட்டை ஏற்பாடு செய்வதே கடவுள். ஓய்வு நாளும் மேலே இருப்பவருக்கு மட்டும் இல்லை, பிற்பாடு கட்டளையில் வேலைக்காரனுக்கும் மாட்டுக்கும் கூட அது வருகிறது.

உச்சம் இருபத்தேழாம் வசனம். மெசொப்பொத்தாமியாவிலும் எகிப்திலும் தேவசாயல் என்பது ராஜாவுக்கு உரியது. இங்கே ஆதியாகமம், "அவனைத் தேவசாயலாகவே சிருஷ்டித்தார், ஆணும் பெண்ணுமாக அவர்களைச் சிருஷ்டித்தார்" என்கிறது. ராஜாவின் பட்டத்தை எடுத்து எல்லார் தலையிலும் வைத்தாயிற்று, பெண்ணின் தலையிலும். நாடு இழந்து அந்நிய ராஜாவுக்குக் கீழே கிடந்த ஜனங்கள் இதைச் சொன்னார்கள். இதைக் காப்பி என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை, எதிர்வாதம் என்பேன். பூமியின் வயதுக்காக மல்லுக்கு நிற்பவர்கள் இந்த வசனத்தை அவசரமாகத் தாண்டிப்போவதுதான் எனக்கு வருத்தம்.

குரங்கிலிருந்து வந்தோமா?

இன்றைய குரங்கிலிருந்து இல்லை. சிம்பன்சிக்கும் நமக்கும் சுமார் 60, 70 லட்சம் வருஷத்துக்கு முன் பொது மூதாதை இருந்தது. மண்ணிலிருந்து வந்தேன் என்று சொல்லக் கூச்சப்படாத நாம் இதற்கு மட்டும் ஏன் இவ்வளவு கூச்சப்படுகிறோம் என்று தெரியவில்லை.

அப்படியானால் ஆதாமும் ஏவாளும் உண்மையில் இருந்தார்களா?

எல்லாக் கேள்வியிலும் கஷ்டமானது இதுதான், ஏனென்றால் இங்கே பவுல் வருகிறார். "ஆதாமுக்குள் எல்லாரும் மரிக்கிறதுபோல, கிறிஸ்துவுக்குள் எல்லாரும் உயிர்ப்பிக்கப்படுவார்கள்." ஒரு பக்கத்தை எடுத்தால் மறுபக்கமும் விழுந்துவிடுமே என்ற பயம் நியாயமானது.

விஞ்ஞானம் சொல்வதை முதலில் வைப்போம். மொராக்கோவின் ஜெபல் இர்ஹூதில் கிடைத்த, நம் இனத்தைச் சேர்ந்த எலும்புகளுக்குச் சுமார் 3 லட்சம் வருஷம் என்று 2017-இல் அறிவித்தார்கள். இன்றைய மனிதரின் மரபணுக்களில் உள்ள வேறுபாடுகளை வைத்துப் பார்த்தால், கடந்த சில லட்சம் வருஷத்தில் நம் முன்னோர் கூட்டம் ஆயிரக்கணக்கில் இருந்திருக்கிறது, இரண்டே பேராகச் சுருங்கியதில்லை. அதற்கு மேல் நியாண்டர்தால் என்ற பழைய மனித இனத்தோடு கலப்பும் உண்டு. ஆப்பிரிக்காவுக்கு வெளியே பரவியவர்களின் சந்ததியாரிடம், நம்மையும் சேர்த்துத்தான், 1 முதல் 2 சதவீதம் வரை அந்த மரபணு இருக்கிறது. இந்த வேலைக்காக ஸ்வாந்தே பேபோவுக்கு 2022-இல் நோபல் கிடைத்தது.

விசுவாசிகள் இதை எப்படிச் சேர்க்கிறார்கள் என்றால், பல விதமாக. ஆதாம் என்பது மனுக்குலம் முழுவதற்கும் நிற்கும் உருவம், கதை ஒவ்வொருவருடைய கதை என்பார்கள் சிலர். அந்தக் கூட்டத்திலிருந்து தேவன் ஒரு ஜோடியை அழைத்துப் பிரதிநிதிகளாக நிறுத்தினார், ஆபிரகாமை அழைத்தது போல என்பார்கள் வேறு சிலர். ஜோஷுவா ஸ்வாமிதாஸ் என்ற அமெரிக்க உயிரியலாளர் 2019-இல் இன்னொன்று சொன்னார்: சில ஆயிரம் வருஷத்துக்கு முன் தோட்டத்தில் தனியாக உண்டாக்கப்பட்ட ஒரு ஜோடி, வெளியே ஏற்கனவே இருந்த ஜனங்களோடு கலந்திருந்தால், இன்றைக்குள் அவர்கள் எல்லாருக்கும் பாட்டன் பாட்டி ஆகியிருக்க முடியும், மரபணுவில் தடயமே இல்லாமல். வம்சக் கணக்காகப் பார்த்தால் அது நடக்கக்கூடியதுதான். வேதத்திலிருந்து அதை எடுக்க முடியுமா என்பது வேறு.

என் சாய்வு முதல் பக்கம், பிரதிநிதி யோசனைக்கும் கதவைச் சாத்தவில்லை. பவுல் ஆதாமை ஒரு ஆளாகத்தான் நினைத்தார் என்பதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அவருடைய வாதத்தின் பாரம் கிறிஸ்துவின் மேல் நிற்கிறது, ஆதாமின் பிறந்த தேதியின் மேல் இல்லை. பாவம் எல்லாரையும் பிடித்திருக்கிறது என்பதற்குச் சான்று தேட நான் ஏதேன் வரை போக வேண்டியதில்லை, எங்கள் தெருவே போதும்.

"மைட்டோகாண்ட்ரியல் ஏவாள்" கண்டுபிடித்துவிட்டார்களே!

பெயர்தான் ஏவாள். 1987-இல் வந்த ஆய்வு அது. தாய் வழியாக மட்டும் இறங்கும் மரபணுவைப் பின்னோக்கிப் பிடித்துக்கொண்டே போனால் சுமார் 2 லட்சம் வருஷத்துக்கு முன் ஆப்பிரிக்காவில் ஒரு பெண்ணிடம் போய் நிற்கிறது. அவள் காலத்தில் வேறு பெண்கள் ஏராளமாக இருந்தார்கள், அவர்களுடைய மற்ற மரபணுக்கள் இன்றும் நம்மிடம் உண்டு, தாய்வழிக் கோடு மட்டும் எங்கோ ஒரு தலைமுறையில் மகள் இல்லாமல் அறுந்துபோனது. தந்தை வழிக்கும் இப்படி ஒரு ஆண் உண்டு. அவர்கள் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் சந்தித்ததாகச் சொல்ல எந்த ஆதாரமும் இல்லை. பிரசங்கத்தில் இதைப் பயன்படுத்துகிறவர்கள் தயவுசெய்து நிறுத்தவும்.

ஆதாம் ஏவாளின் மகன் காயீனுக்கு மனைவி எங்கிருந்து வந்தாள்?

வழக்கமான பதில், சகோதரி. யூபிலி நூல் என்ற பழைய யூத நூல் அவளுக்கு ஆவான் என்று பெயரே வைத்திருக்கிறது. ஆனால் மனைவி மட்டும் இல்லையே பிரச்சினை. என்னைக் கண்டுபிடிக்கிறவன் எவனும் என்னைக் கொன்றுபோடுவான் என்று காயீன் பயப்படுகிறான், யார் அந்த எவனும்? அப்புறம் ஒரு பட்டணம் வேறு கட்டுகிறான், யார் குடியிருக்க? கதையின் ஓட்டத்தில் வெளியே ஜனங்கள் இருப்பது சாதாரணமாக வருகிறது.

இதைப் பிடித்துக்கொண்டு இசாக் லா பெய்ரேர் என்ற பிரெஞ்சுக்காரர் 1655-இல், ஆதாமுக்கு முன்பே மனிதர்கள் இருந்தார்கள், ஆதாம் யூதர்களின் தகப்பன் மட்டுமே என்று எழுதினார். புத்தகத்தை எரித்தார்கள், அவரைக் கைது செய்து, கருத்தை மறுத்துச் சொல்ல வைத்தார்கள். அதைவிட மோசம் பிறகு நடந்தது. அவர் மனதில் இல்லாத ஒரு திசையில், அமெரிக்காவின் அடிமை முறைக்காரர்கள் சிலர் கறுப்பர்கள் ஆதாமின் சந்ததியே இல்லை என்று வாதாட இந்த மாதிரி யோசனைகளைப் பயன்படுத்திக்கொண்டார்கள். அதனால்தான் ஆதாமுக்கு வெளியே மனிதர் என்று யார் பேசினாலும், அந்த வெளியாட்களுக்கும் தேவசாயல் உண்டா என்று முதலில் கேட்டுவிடுவேன். இல்லை என்று பதில் வந்தால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம்.

ஆணுக்கு ஒரு விலா எலும்பு குறைவாமே?

கிடையாது. இருவருக்கும் 12 ஜோடி. உடற்கூறு அறிஞர் வெசாலியஸ் 1543-லேயே சொல்லியாயிற்று.

பாவத்துக்கு முன் மரணமே இல்லை என்றால், கோடிக்கணக்கான வருஷமாக மிருகங்கள் செத்தது எப்படி?

பவுல் ரோமர் ஐந்தில் பேசுவது மனிதருக்குள் வந்த மரணத்தை. மிருகங்களைப் பற்றி அவர் அங்கே ஒன்றும் சொல்லவில்லை. முதல் அதிகாரம் மனிதருக்கும் மிருகங்களுக்கும் செடிகொடிகளையே ஆகாரமாகக் கொடுக்கிறது, மாம்சம் நோவாவுக்குப் பிறகுதான், இது உண்மை. அப்படி ஒரு உலகத்தை அது ஆசையோடு வரைகிறது. ஆனால் 104-ஆம் சங்கீதத்தில் சிங்கக்குட்டிகள் இரைக்காகக் கெர்ச்சித்து, தங்கள் ஆகாரத்தைத் தேவனிடமே கேட்கின்றன, அங்கே அது சாபமாகப் பேசப்படவில்லை, துதியாகப் பாடப்படுகிறது. இன்னொன்று, தோட்டத்தில் ஜீவவிருட்சம் இருந்தது. சாகவே சாகாத ஆளுக்கு அந்த மரம் எதற்கு?

இதற்கெல்லாம் பிறகும், இவ்வளவு வலியின் வழியாகவா தேவன் உண்டாக்கினார் என்ற கேள்வி மிஞ்சுகிறது. அதற்கு என்னிடம் பதில் இல்லை. இளம் பூமிக்காரரிடமும் இல்லை, அவர் ஒரு கனிக்காக மான்குட்டிகளையெல்லாம் தண்டிக்கிற கடவுளை விளக்க வேண்டியிருக்கிறது.

ஆதாம் 930 வருஷம், மெத்தூசலா 969 வருஷம் வாழ்ந்தார்கள் என்பதெல்லாம்?

சுமேரிய ராஜாக்களின் பட்டியலில் வெள்ளத்துக்கு முந்தைய முதல் ராஜா அலுலிம் 28,800 வருஷம் ஆண்டான். அதோடு ஒப்பிட்டால் ஆதியாகமம் ரொம்பச் சிக்கனம். வெள்ளத்துக்கு முன் நீண்ட ஆயுள், பின் குறைவு என்பது அந்தப் பகுதியின் சொல்முறை. கூட்டிப் பார்த்தால் மெத்தூசலா செத்தது வெள்ளம் வந்த அதே வருஷம், மூழ்கிச் செத்தாரா முன்னாடியே போய்ச் சேர்ந்தாரா என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

ஏதேன் எங்கே? இலங்கையில் ஆதாம் மலை இருக்கிறதே?

ஆறுகள் நாலு: பைசோன், கீகோன், இதெக்கேல், ஐபிராத்து. பின்னிரண்டும் ஈராக்கில் இன்றும் ஓடும் டைகிரிசும் யூப்ரடீசும். கீகோனோ எத்தியோப்பியாவைச் சுற்றி ஓடுமாம், பைசோன் எது என்று யாராலும் ஒத்த முடிவுக்கு வர முடியவில்லை. வரைபடத்தில் இது நாலும் ஒரே இடத்தில் பிரியாது.

இலங்கை விஷயம் வேதத்தில் இல்லை, இஸ்லாமிய மரபில் வருவது. தோட்டத்திலிருந்து இறக்கப்பட்ட ஆதம் நபியின் கால் பட்ட இடம் என்று அந்த மலை உச்சியைச் சொல்கிறார்கள், 1344-இல் மொராக்கோப் பயணி இபின் பதூதா அங்கே ஏறிப் பார்த்து எழுதியிருக்கிறார். அதே பாதச் சுவடு பௌத்தருக்குப் புத்தருடையது, சைவருக்குச் சிவனுடையது, சிவனொளிபாதமலை. 2,243 மீட்டர், ஏறுவதாக இருந்தால் இரவிலேயே கிளம்புங்கள்.

டைனோசர் வேதத்தில் உண்டா? யோபு புத்தகத்தில் வரும் பிகெமோத் என்ற மிருகம்?

இல்லை. "மாட்டைப்போல் புல்லைத் தின்னும்" நீர்யானையின் சாயலுள்ள ஏதோ ஒன்று. டைனோசர்கள் போய் 6.6 கோடி வருஷம் ஆகிறது, யோபு பார்த்திருக்க வழியில்லை.

"வெளிச்சம் உண்டாகக்கடவது" என்பதுதான் பிக் பேங், வேதம் அன்றே சொல்லிவிட்டது. சரியா?

இதற்கு அந்தக் கோட்பாட்டின் தகப்பனையே கேட்போம். பிரபஞ்சம் விரிகிறது, தொடக்கத்தில் ஒரே புள்ளியளவில் இருந்தது என்ற யோசனைக்கு வழி போட்டவர் ஜார்ஜ் லெமைத்ர், பெல்ஜியத்துக் கத்தோலிக்கப் பாதிரியார். 1951-இல் போப் பன்னிரண்டாம் பயஸ் இந்தக் கோட்பாடு சிருஷ்டியை உறுதிப்படுத்துவது போலப் பேசினார். சந்தோஷப்பட்டிருக்க வேண்டிய லெமைத்ருக்கு அது பிடிக்கவில்லை. விஞ்ஞானம் நாளைக்கு மாறலாம், விசுவாசத்தை அதில் கொண்டுபோய்க் கட்டாதீர்கள் என்பது அவர் நிலை. நம் வாட்ஸ்அப் குழுக்களுக்கு அவர் தேவை.

கத்தோலிக்க சபை என்ன சொல்கிறது?

அதே பன்னிரண்டாம் பயஸ் 1950-இல், மனித உடல் பரிணாமத்தால் வந்ததா என்று ஆராயத் தடையில்லை, ஆத்துமாவைத் தேவனே நேரடியாக உண்டாக்குகிறார் என்றார். ஆனால் ஆதாம் ஒருவர் இல்லை, பலர் என்ற கருத்து, ஆதாமின் பாவம் எல்லாருக்கும் இறங்கியது என்ற ஜென்மபாவப் போதனையோடு எப்படிப் பொருந்தும் என்று தெரியவில்லை என்றும் சொல்லி வைத்தார். 1996-இல் இரண்டாம் ஜான் பால் பரிணாமம் வெறும் ஊகத்துக்கு மேற்பட்டது என்றார். அந்த ஆதாம் முடிச்சு இன்னும் முழுசாக அவிழவில்லை.

இதையெல்லாம் சபையில் பேசினால் வெளியே தள்ளிவிடுவார்களே?

சபையைப் பொறுத்தது. அப்போஸ்தலர் விசுவாசப் பிரமாணமும் நைசியா பிரமாணமும் வானத்தையும் பூமியையும் படைத்த பிதாவை விசுவாசிக்கிறேன் என்கின்றன, எத்தனை நாளில் என்று இரண்டிலும் இல்லை. அதனால் ஞாயிற்றுக்கிழமை அதைச் சொல்லிவிட்டு வருவதில் பரிணாமத்தை ஏற்பவருக்கு ஒரு சங்கடமும் கிடையாது. பதினேழாம் நூற்றாண்டின் வெஸ்ட்மின்ஸ்டர் விசுவாச அறிக்கையில் ஆறு நாள் என்றே எழுதியிருக்கிறது, ஆனால் அதை ஏற்றுக்கொண்ட பிரெஸ்பிட்டீரியன்களுக்குள்ளேயே பி.பி. வார்ஃபீல்ட் போன்றவர்கள், வேதத்தில் பிழையே கிடையாது என்று வாதாடியவர்கள், பரிணாமத்துக்கு இடம் கொடுத்திருக்கிறார்கள். சில புதிய சபைகள் தங்கள் விசுவாச அறிக்கையில் 24 மணி நேரம் என்று கூட எழுதி வைத்திருக்கின்றன, அங்கே போய் வாதாடுவது வீண். உறுப்பினராகக் கையெழுத்துப் போடும் முன் அந்தத் தாளை ஒரு தடவை முழுசாகப் படித்துவிடுங்கள், பெரும்பாலும் இரண்டு பக்கம்தான் இருக்கும்.